அகலத் திரைக்கு மட்டும் ஒரு பெயர்

பழைய டாஃபோவில் செத்தவர்களுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் இரண்டே பேர். உடம்புக்குச் செய்வது பிணவறையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். வலைப்பக்கத்துக்குச் செய்வது பாஃபி. அந்த அம்மாளிடம் அலங்காரம் செய்துகொண்டவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. பாஃபியின் வாடிக்கையாளர்கள் உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு வாய் உண்டு, போனும் உண்டு.

டாஃபோ இருக்கும் குமாசி நகரில் சாவுக்குச் சுவரொட்டி அடிக்காத குடும்பம் கிடையாது. இப்போது சுவரொட்டியோடு வலைப்பக்கமும் வேண்டும். லண்டனில் பஸ் ஓட்டும் மகனும் ஹாம்பர்கில் துணி மடிக்கும் மருமகளும் வாட்ஸ்அப்பில் இணைப்பைத் தட்டி, தங்கள் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. செத்தவரின் படத்தை அப்புறம் பார்ப்பார்கள்.

கல்லறைச் சாலையில், கப்பல் கன்டெய்னரை வெட்டிக் கதவு வைத்த நீலக் கடையில், பாஃபியும் நானும் ஒரே மேசையின் இரண்டு முனைகள். என் முனையில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, போன் டேட்டா. என் பெயர் டூஃபியே, பதினேழு வயதுப் பெண். பள்ளிக்கூடமும் நானும் பாதியில் பிரிந்தோம். இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. பாஃபியின் முனையில் ஒரு லாப்டாப். அவனுக்கு இருபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நிதானமான விரல்கள். பயறு போட்ட வாச்சேச் சோறு வாங்கினால் முதலில் முட்டையைத் தனியாக, பிறகு சிட்டோ மிளகாய்த் தொக்கைத் தனியாக, பிறகு சோற்றைத் தனியாகத் தின்பான். கலந்து தின்னச் சொன்னால், "வயித்துக்குக் கலக்கத் தெரியாதா?" என்பான்.

அவன் வேலையும் அப்படித்தான். வலைப்பக்கம் பிறக்கும்போது அம்மணமாகப் பிறக்கும்: வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து, அவ்வளவே. உடை போடுவதற்கு சிஎஸ்எஸ் என்று ஒரு மொழி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு என்ன உடை என்பதை வேறொரு கோப்பில் எழுதுவார்கள். பாஃபிக்கு அந்த வழி பிடிக்காது. அவனிடம் இருப்பவை யுடிலிட்டி கிளாஸ்கள். சின்னச் சின்னச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. ஒன்று எழுத்தைச் சிவப்பாக்கும். ஒன்று நடுவில் நிறுத்தும். ஒன்று தடிமனாக்கும். ஒன்று சுற்றிலும் கொஞ்சம் காற்று விடும். வேண்டியதைப் பொறுக்கி, அந்தந்த வரியின் தலையிலேயே வரிசையாகக் கோத்துவிடுவான். வரியைப் படித்தாலே அது என்ன உடுத்தியிருக்கிறது என்று தெரியும்; உடையைத் தேடி வேறு வீட்டுக்கு ஓட வேண்டாம்.

ஒருமுறை ஜெராக்ஸ் எடுக்க வந்த பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் அவன் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான் இது, ஒரு பேருக்கு முன்னாடி பதினாலு கிளாஸு! படிக்கவே மூச்சு முட்டுது. அழகா ஒரே பேரு வச்சுட்டுப் போகலாம்ல?"

பாஃபி தலையைத் தூக்கவில்லை. "உன் சட்டையில எத்தனை பட்டன்?"

"ஏழு."

"ஏழையும் வீட்டுல வச்சிட்டு, 'சட்டை மூடியிருக்கு'ன்னு நெஞ்சில சீட்டு ஒட்டிக்கிட்டா வந்த?"

பையன் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்று முழுவதும் பசிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உண்மையான காரணம் வேறு. எங்கள் ஊர்ச் சாவுப் பட்டியலில் இரண்டு பெயர்கள் ஒரே உடையில் நிற்கச் சம்மதிப்பதில்லை. "பெரியவர் பேரு இன்னும் கொஞ்சம் பெருசா." "அவரு தம்பி பேரு அதைவிட ஒரு நூல் சின்னதா, ஆனா ரொம்பச் சின்னதா வேண்டாம், கோவிச்சுக்குவாரு." "அந்தப் பாஸ்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து." ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஒரு பெயர் மட்டும் அசைய வேண்டும். பாஃபியின் வழியில் அது அப்படித்தான் அசையும். வண்ணமும் அப்படியே. வயது எண்பதைத் தாண்டியவர் என்றால் வெள்ளையும் கறுப்பும், வாழ்ந்து முடித்தார் என்று அர்த்தம். அதற்குக் கீழே என்றால் சிவப்பும் கறுப்பும்.

அந்தச் சொற்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எதன் தலையில் போட்டாலும் அது பந்துபோலக் குதிக்கும். பாஃபி சிறுநீர் கழிக்கப் போன நேரத்தில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் படத்துக்கு அதை மாட்டிவிட்டேன். பாஃபி வந்தான், பார்க்காமலே பக்கத்தை ஏற்றினான். பதினொரு நிமிடம் அந்த மனிதர் இணையத்தில் குதித்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மனைவி போன் செய்தார்.

"பாஃபி, எங்க வீட்டுக்காரரு குதிக்கிறாரு."

"ஐயோ அம்மா, மன்னிச்சுக்கங்க, இப்பவே நிறுத்திடறேன்."

"நாளைக்குக் காலையில நிறுத்து. நாப்பது வருஷத்துல அவரு இவ்வளவு சுறுசுறுப்பா இருந்து நான் பார்த்ததே இல்ல."

பாஃபி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் டாஃபோ முழுவதும் பேசியது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தில் எது கோணலாக வந்தாலும் என் பெயர்தான் முதலில் அடிபடும்.

ஹார்மட்டான் காற்றில் ஊரெல்லாம் புழுதி பிடித்திருந்த ஜனவரியில் அமோவாடெங் இறந்தார். மரம் ஏற்றும் லாரிகள் மூன்று வைத்திருந்தவர், எழுபத்தொரு வயது. சிவப்பும் கறுப்பும்தான். அவருடைய மூத்த மகள் செர்வா கடைக்கு வந்து, பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் கொடுத்தாள். மனைவி அச்சியா. பிள்ளைகள் நான்கு: ஆன்ட்வி, செர்வா, ஃப்ரேமா, போவாடு. ஒரு வாரச் சடங்கு அடுத்த புதன்கிழமை.

"போட்டோ?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கறதெல்லாம் பழசு. ஆறு மாசம் முன்னாடி இங்கதானே எடுத்தாரு, லைசென்ஸுக்கு?"

"என்கிட்ட இருக்கு" என்றான் பாஃபி, நான் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே.

அரை நாள் வேலையை அவன் மூன்று நாள் செய்தான். எனக்குக் குறும்பு கிளம்ப இது போதாதா? மூன்றாவது நாள் அவன் வாச்சே வாங்கப் போனதும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். குதிக்கிற சொல்லை இந்த முறை பட்டியலின் தலைப்புக்கு மாட்டலாம் என்று திட்டம். பிள்ளைகள் என்ற தலைப்பைத் தேடி, கீழே பெயர்களை எண்ணினேன். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. போவாடுவுக்குக் கீழே, கடைசியாக: பாஃபி.

அந்த வரியின் தலையில் மற்ற நான்குக்கும் இருந்த அதே உடை. கூடுதலாக இரண்டு சொற்கள். முதல் சொல் ஹிட்டன்: இருக்கிற இடம் தெரியாமல் மறைந்துகொள். இரண்டாவது சொல் எல்ஜி பிளாக்: திரை அகலமாக இருந்தால் மட்டும் வெளியே வா. என் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான்கு பெயர்கள். அவன் லாப்டாப்பில் பார்த்தேன். ஐந்து.

என் கை அந்த விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது. அதற்குள் அவன் வாச்சேயோடு வாசலில் நின்றான்.

"எதையாவது தொட்டியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத கழுதை."

"சத்தியமாத் தொடல. படிச்சேன். அந்த அஞ்சாவது பாஃபி யாரு, உன் பேருக்காரனா?"

அவன் பொட்டலத்தை மேசையில் வைத்து, வாழையிலையை ஒழுங்காகப் பிரித்தான். வெகுநேரம் பிரித்தான்.

"நான்தான். எங்கம்மா அமோவாடெங் லாரி நிறுத்தற இடத்துல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாங்க. நான் பொறந்து எட்டாவது நாள் அப்பன் முறைக்கு அவரு வந்து பேரு வைக்கணும். வரல. தாய்மாமன்தான் பேரு வச்சாரு. அதுக்கப்புறம் அவரும் அதைப் பத்திப் பேசல, நாங்களும் பேசல."

"இந்தக் கடைக்கு வந்தாரே, போட்டோ எடுக்க?"

"நீ அன்னிக்கு வெளிய போயிருந்த. நான்தான் எடுத்தேன். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்துச்சு. நேராக்கி விட்டேன். கழுத்தை நிமித்திக் குடுத்தாரு." முட்டையை எடுத்தான், தின்னவில்லை. "அவ்வளவுதான். தொட்டது அந்த ஒரு தடவை."

அந்தப் படம்தான் பக்கத்தின் உச்சியில் இருந்தது. காலர் நேராகத்தான் இருந்தது.

"யாருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கிறதுக்கு எதுக்குண்ணே எழுதணும்?"

"எனக்குத் தெரியும்ல. டாஃபோவுல லாப்டாப்ல சாவு பார்க்கறவன் நான் ஒருத்தன்தான். லண்டன்ல இருக்கறவனும் பஸ்ஸுல போன்லதான் பார்ப்பான். என் திரையில அஞ்சு பேரு இருக்கும். அவங்க திரையில நாலு. யாருக்கும் நஷ்டமில்ல."

அவன் பேச்சில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. முட்டையைத் தின்னச் சொல்லிவிட்டு என் முனைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை அமோவாடெங் வீட்டு முற்றத்தில் ஓட்டை வந்து நின்றது. எட்டடி உயரம், பன்னிரண்டடி அகலம். மூத்த மகன் ஆன்ட்வி அக்ராவில் வேலை பார்ப்பவன். அங்கிருந்தே ஓர் எல்இடி திரையை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். பந்தலுக்குக் கீழே சிவப்பும் கறுப்பும் கட்டிய சனம் நூற்றுக்கணக்கில். நானும் பாஃபியும் பின்வரிசையில், பக்கம் செய்த கடைக்காரர்களாக. திரைக்காரன் தன் லாப்டாப்பைச் சொருகி, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறந்தான்.

பாஃபி என் பக்கம் சாய்ந்தான். "டூஃபியே" என்றான், உதடு மட்டும் அசைய. "அது போன் இல்ல."

எழுந்து ஓடிப் போய்த் திரைக்காரனைத் தடுக்கலாம் என்றால், நடுவில் நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். மைக் பிடித்தவர் ஏற்கனவே படிக்க ஆரம்பித்துவிட்டார். வந்த வேகத்தில் படித்தார்: "பிள்ளைகள்! ஆன்ட்வி, செர்வா, ஃப்ரேமா, போவாடு, பாஃபி..."

படித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

"யாருடா அந்த அஞ்சாவது?" என்றான் ஆன்ட்வி.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் திரையின் அடியைக் காட்டி, "கீழ பாருங்க, 'பக்கம் அமைத்தது பாஃபி'ன்னு அதே பேருதான் இருக்கு. வீடு கட்ட வந்த கொத்தனாரு உள்ளயே பாய் விரிச்சிட்டாரு!" என்றாள்.

சிரிப்பு கிளம்பியது. பாஃபியைக் காப்பாற்ற அதுவே போதும். கை தவறி வந்த பெயர் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆன்ட்வி மட்டும் நம்பவில்லை.

"தவறியெல்லாம் வராது. எங்கப்பா சாவுல விளம்பரம் பண்றான். எங்க அவன்?"

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"நான்தாண்ணே பண்ணினேன்! விளையாட்டுக்கு! அவருக்குத் தெரியாது!"

"தலைமை ஆசிரியரைக் குதிக்க வச்சவ இவதானே?" என்று யாரோ கேட்டார்கள். "இவளேதான்." "சாவு வீட்டுல விளையாட்டா? கையை ஒடி!" என் பெயருக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதையை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. நூறு பேர் ஒரே நொடியில் நம்பினார்கள்.

பாஃபி என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவன் நின்றான்.

"அவ பண்ணல. நான்தான் எழுதினேன். போன்ல தெரியாதபடி எழுதினேன். பெரிய திரை வரும்னு யோசிக்கல. தப்பு அது ஒண்ணுதான்."

"உன் பேரை எங்க பட்டியல்ல எதுக்குடா எழுதின?"

"அவரு எனக்கும் அப்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக் பிடித்தவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார், மைக் திறந்திருந்தது. அந்தச் சொல் முற்றம் தாண்டிச் சாலைக்குப் போனது.

குடும்பத் தலைவர் சார்பொங் கைத்தடியை ஊன்றி எழுந்தார். செத்தவரின் தாய்வழிக்கு மூத்தவர்; எங்கள் ஊரில் குடும்பம் என்றால் தாய்வழிதான். "பொறுங்க, பொறுங்க. பிள்ளைங்க எங்க குடும்பம் இல்ல, அவங்கவங்க அம்மா குடும்பம். இது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்க செய்ய வேண்டியது அப்பனுக்குச் சவப்பெட்டி. அதை நாலு பேரு சேர்ந்து வாங்கினாலும் அஞ்சு பேரு சேர்ந்து வாங்கினாலும் எனக்கு ஒண்ணுதான். யாரு பிள்ளைன்னு அந்த வீட்டுக்காரிதான் சொல்லணும்." சொல்லிவிட்டு, நெருப்பைக் கைமாற்றியவர்போல் வேகமாக உட்கார்ந்துவிட்டார்.

எல்லாத் தலைகளும் அச்சியா அம்மாவின் பக்கம் திரும்பின. கறுப்புத் துணியை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய கண்களோடு திரையை அடியிலிருந்து உச்சிவரை படித்தார். படத்தின் மேல் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"இதுல தப்பு இருக்கு" என்றார்.

ஆன்ட்வி தலையாட்டினான். பாஃபி தலைகுனிந்தான்.

"இவனை எதுக்குப் போவாடுவுக்குக் கீழ போட்டிருக்கு?"

ஆன்ட்வியின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"செர்வாவுக்கு நான் பால் மறக்கடிச்ச வருஷம் இவன் பொறந்தான். ஒருத்தி வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனா. அன்னிக்கு அடுப்புல இருந்த சூப்பு தீஞ்சு, சட்டியும் போச்சு. அந்த வருஷம் எனக்கு மறக்குமா? ஃப்ரேமா அப்ப வயித்துலகூட இல்ல. ரெண்டு பேருக்கு மூத்தவனைக் கொண்டுபோய் எல்லாருக்கும் அடியில எழுதினா, வரிசை தெரியாத வீடுன்னு ஊரு என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும்."

"அம்மா!" என்றான் ஆன்ட்வி.

"என்ன அம்மா? உங்கப்பா மறைச்சாரு. அது அவரோட போகட்டும். என் வீட்டுப் பட்டியல்ல நான் பொய் எழுத மாட்டேன்." பிறகு பாஃபியைப் பார்த்து விரலை நீட்டினார். "பாசம் பொங்கிப் பேசறேன்னு நெனைக்காத. வரிசைன்னா வரிசை. இப்பவே மாத்து. போன்லயும் தெரியணும். ஒளிச்சு கிளிச்சு எழுதற வேலையெல்லாம் இங்க வேண்டாம்."

பாஃபி லாப்டாப் பையைத் திறந்தான். ஒரு நாற்காலியை மேசையாக்கி, முழங்காலில் நின்று, என் போன் டேட்டாவில் இணைத்தான். இரண்டு தடவை தப்பான எழுத்தைத் தட்டி அழித்தான். ஃப்ரேமாவுக்கு மேலே ஓர் இடம் திறந்து, தன் வரியை அங்கே தூக்கி வைத்தான். அப்புறம் அந்த இரண்டு சொற்களின் மேல் கர்சரை வைத்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"அழிண்ணே" என்றேன். "டேட்டா ஓடுது."

அழித்தான். ஏற்றினான். நான்கைந்து பேர் போனை எடுத்துப் பக்கத்தைப் புதுப்பித்தார்கள். பிறகு பந்தல் முழுவதும் கட்டைவிரல்கள் கீழே இழுப்பது தெரிந்தது.

செர்வா தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினாள். ஃப்ரேமா முதலில் அக்காவைப் பார்த்தாள், பிறகு அவளும் நகர்த்தினாள். நடுவில் ஒரு காலி நாற்காலிக்கு இடம் வந்தது. ஆன்ட்வி எழுந்து திரைக்காரனோடு எதற்கோ சண்டை போடப் போனான்; அன்று முழுவதும் அவன் அந்த வரிசைக்குத் திரும்பவில்லை. யாரோ தன் தோளிலிருந்த சிவப்புத் துணி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு பாஃபி போய் உட்கார்ந்தான். போகும்போது லாப்டாப், போன், பை எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

விருந்தாளிகள் துக்கம் சொல்லக் கை குலுக்கும் வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. வலமிருந்து இடமாக, ஒருவரையும் விடாமல். நானும் நின்றேன். அச்சியா அம்மாவின் கை சூடாக இருந்தது. என்னை அடையாளம் கண்டு என் விரலை ஒரு முறுக்கு முறுக்கினார்; பொய் சொன்னதற்கு. செர்வாவைத் தாண்டி அவன் முன்னால் வந்தேன். ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். "டுவே" என்றுதான் வந்தது. ஊரெல்லாம் சொல்லும் அதே துக்கச் சொல்.

அவன் கையை விடவில்லை.

"போன்ல பார்த்தியா?" என்றான் மெதுவாக.

"பார்த்தேன்."

"தெரியுதா?"

"தெரியுது."

"எங்க இருக்கு?"

"மூணாவது. செர்வா அக்காவுக்குக் கீழ."

"எழுத்து சரியா நடுவுல நிக்குதா? ஓரமா ஒட்டிக்கலையே?"

"நடுவுலதாண்ணே நிக்குது."

எனக்குப் பின்னால் நின்ற தடித்த அம்மாள் முழங்கையால் இடித்தாள். "நகருடி. எங்களுக்கும் கை இருக்கு."